ரோமில் சாம்பார், நெல்லையில் பார்சல்

ராதாபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு ரோமாபுரி எட்டாத ஊர் இல்லை. கூடங்குளத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிற வடக்கன்குளத்தில் 1745ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றவர் நீலகண்ட பிள்ளை. அவரை, தேவசகாயம் என்ற பெயரில், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவித்தார் போப் பிரான்சிஸ். அதைப் பார்க்கத் தென்கோடியிலிருந்து விமானம் ஏறியவர்கள் உண்டு. அதற்கு வெகுகாலம் முன்பே லூர்து, பாத்திமா, ரோம் என்று சுற்றிக்காட்டும் திருயாத்திரைகள் கடற்கரை ஊர்களில் சகஜமாகிவிட்டன. சாமி கும்பிடப் போகாதவர்களும் 'ஐரோப்பா டூர்' என்று பத்து நாளில் நாலைந்து தலைநகரங்களை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்தப் பயணங்களின் நோட்டீஸ்களில் ஒரு வாக்குறுதி அநேகமாக இருக்கும்: இந்திய உணவு, சைவம் தனியாக. கொலோசியத்துக்குக் கொடுக்கிற அதே கொட்டை எழுத்து இதற்கும் உண்டு. ஆக, ரோமைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயில் வைக்காமல் திரும்புகிறோம். நெல்லைக்கு வருகிற வெளியூர்க்காரர் செய்வது இதற்கு நேர்மாறு. அல்வாவை வாயில் வைத்துவிட்டு, ஊரைக் கண்ணால் பார்க்காமல் ரயில் ஏறிவிடுகிறார். கேட்டால் இரண்டு பேருமே 'ஊரைச் சுற்றிப் பார்த்தேன்' என்றுதான் சொல்வார்கள். ஊரைப் பார்ப்பது ஒரு வேலை, ஊரில் சாப்பிடுவது இன்னொரு வேலை என்று பிரித்துவைத்திருக்கும் இந்தப் பழக்கத்தால் ரோமில் நமக்கு நஷ்டம், நெல்லையில் நெல்லைக்கு நஷ்டம். கூடங்குளம் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் ரோம். டூரில் போகிற எல்லோரையும் பழைய மன்றத்து இடிபாடுகளுக்கு நடுவே கூட்டிப்போவார்கள். தூண்களைக் காட்டுவார்கள், சீசர் எரிக்கப்பட்ட இடத்தைக் காட்டுவார்கள். அங்கேயே மாக்சென்டியஸ் பெருமண்டபத்துக்கு அடியில் டொமிஷியன் பேரரசன் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில், கட்டிய மிளகுக் கிடங்கின் மிச்சங்கள் கிடக்கின்றன. அந்த மிளகு எங்கிருந்து போனது? சேரநாட்டு முசிறியிலிருந்து. மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, இதைப் போய்ப் பொன்னைப்போல எடை போட்டு வாங்குகிறார்களே என்று அந்தக் காலத்திலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எரிச்சல்பட்டார். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போய்ச் சேருகிறது என்று அவர் போட்ட கணக்கில் முத்துக்கும் பங்கு உண்டு. பாண்டியர் முத்து, தாமிரபரணி கடலில் கலந்த இடத்திலிருந்த கொற்கையின் முத்து. இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மன்றத்திலிருந்து வெளியே வந்து ஒரு சாதாரணச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தால், 'காச்சோ இ பெப்பே' என்று ஒரு தட்டு வரும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, கோதுமைச் சேமியா, கைநிறையப் பொடித்த மிளகு, வேறொன்றும் கிடையாது. பெயருக்கே பாலாடைக்கட்டியும் மிளகும் என்றுதான் அர்த்தம். ரோம்காரர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று மார்தட்டும் அயிட்டங்களில் இது ஒன்று. அந்த வேளைக்கு பஸ்ஸில் ஏறி, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு இந்திய ஓட்டலில் பருப்பும் ஜீரா சாதமும் சாப்பிடுகிற தமிழர், தன் ஊர்ப் பக்கத்து மிளகு இரண்டாயிரம் வருஷமாக அந்த ஊர் நாக்கில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் தூண்களைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்.

இன்னொரு இடம், டெஸ்டாச்சியோ. டூர் பஸ்கள் அநேகமாக அந்தப் பக்கம் திரும்பாது. அங்கே ஒரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 35 மீட்டர். மண்குன்று என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஸ்பெயினிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் வந்த ஜாடிகளை உடைத்துப் போட்டுப் போட்டே எழுந்த ஓட்டுக் குன்று அது. ஒரு பேரரசு எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதன் அடிவாரத்தில் 1888ஆம் ஆண்டுவாக்கில் நகரத்தின் ஆட்டுத்தொட்டியும் மாட்டுத்தொட்டியும் சேர்ந்த பெரிய அறுப்புக்கூடத்தைக் கட்டினார்கள். நல்ல கறியெல்லாம் பணக்காரர் வீட்டுக்கும் சாமியார்கள் மடத்துக்கும் படைக்கும் போய்விட, அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கூலியோடு கிடைத்தது வால், குடல், நாக்கு, ஈரல். அவர்கள் அதைப் பக்கத்து மதுக்கடைகளில் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். நாலு கால் சப்பைக்கு அப்புறம் மிஞ்சியதால் 'ஐந்தாம் கால்பங்கு' என்று அதற்குப் பெயர். அறுப்புக்கூடம் 1975இல் மூடப்பட்டது, இப்போது அங்கே ஓவியக் கண்காட்சி நடக்கிறது. ஆனால் வால்குழம்பு இன்னும் அதே தெருக்கடைகளில் இருக்கிறது. கூலிக்காரன் சாப்பாடு ஊர்ச்சாப்பாடான கதை அது. ரோம் என்றால் பேரரசர்களும் போப்புகளும் மட்டும்தான் என்று நினைத்துத் திரும்புகிறவருக்கு இந்த மூன்றாவது ரோம் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தால் நம் ஊர்க் குடல்கறிக்கும் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கும்.

இதற்கு உடனே வருகிற மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாட்டுவாலையும் பன்றிக்கறியையும் எல்லோரும் தின்ன முடியுமா, சைவக்காரர் என்ன செய்வார், விரதக்காரர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதிலே ரோமில் இருக்கிறது. 1555இல் அந்த ஊர் யூதர்களை டைபர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன வளாகத்துக்குள் அடைத்துச் சுவர் எழுப்ப உத்தரவு போட்டார் அன்றைய போப். பன்றி கூடாது, பாலும் கறியும் கலக்கக் கூடாது என்று நம் மடிசமையலுக்குக் கொஞ்சமும் குறையாத ஆசாரம் அவர்களுக்கு. கிடைத்த காய்கறியையும் ஒலிவ எண்ணெயையும் வைத்துக்கொண்டு அவர்கள் பொரித்ததுதான் 'யூதர் பாணி ஆர்ட்டிச்சோக்'. முள்ளுமொட்டு போன்ற ஒரு காயை இரண்டு தடவை எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். இதழ் இதழாக விரிந்து, விளிம்பெல்லாம் அப்பளம்போல மொறுமொறுத்து, ஒரு செவ்வந்திப்பூ தட்டில் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். இன்றைக்கு ரோமின் அடையாளமாகச் சொல்லப்படுகிற சாப்பாடுகளில் ஒன்று, சாப்பாட்டுக் கட்டுப்பாடு அதிகமாக இருந்த ஒரு சமூகம் சமைத்தது. கட்டுப்பாடு உள்ளவர் ஊரைச் சுவைக்க முடியாது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. செலவு என்கிறார்கள். ரோமில் காபியை கவுன்டரில் நின்றபடி குடித்தால் ஒரு யூரோவுக்குச் சற்று மேலே. மேசையில் உட்கார்ந்தால்தான் விலை ஏறும். நின்றுகொண்டு குடிக்க நமக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வயதானவர்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன். எழுபது வயதில் முதன்முதலாகக் கடல் தாண்டுகிறவருக்கு இரவில் ஒரு கிண்ணம் தயிர்சாதம் வேண்டியிருக்கிறது, அது இருக்கட்டும். ஆனால் அவருக்காகச் சொல்லப்படும் காரணத்தைக் காட்டி முப்பது வயதுக்காரரும் பத்து நாளும் சாம்பாரிலேயே இருப்பதுதான் விசித்திரம்.

இனி நெல்லை. ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரரில் பெரும்பாலோருக்கு டவுனில் ஒரே ஒரு முகவரிதான் தெரியும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில், மாலையில் மட்டும் திறந்து மங்கலான வெளிச்சத்தில் வியாபாரம் செய்கிற இருட்டுக்கடை. வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம் ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாக நடத்தும் கடை அது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலைப் பிழிந்து, ஒரு இரவு புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கையொடியக் கிண்டுகிற பண்டம். சூடாக வாங்கி அங்கேயே நின்று தின்றால், விரலில் ஒட்டாமல் தொண்டைக்குள் வழுக்கி இறங்கும். நெய் மட்டும் உள்ளங்கையில் மிஞ்சும். தின்ற இலையையோ தாளையோ கசக்கிப் போட்டுவிட்டு, அரைக்கிலோ கால்கிலோ பார்சல்களை எண்ணி வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினால் பயணம் முடிந்தது. அல்வாவுக்கு அந்த ருசி தாமிரபரணித் தண்ணீரால் வந்தது என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள், வாங்கியவரும் ஊருக்குப் போய்ச் சொல்வார். அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

எதிரே இருக்கும் கோயிலுக்குள் போயிருந்தால், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிரசபையையும், ஒரே கல்லில் செதுக்கித் தட்டினால் சுரம் பேசும் மணிமண்டபத் தூண்களையும் பார்த்திருக்கலாம். ஆற்றுப் பக்கம் போயிருந்தால் இன்னொரு வேடிக்கை. பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்க, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்பட்டது. லண்டனில் தேம்ஸ் நதிமேல் 1817இல் திறந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டினார்கள். தூணுக்குத் தூண் இரட்டைக் கம்பங்கள் நிற்பது அந்தச் சாயல்தான். லண்டன் பாலம் அஸ்திவாரம் இறங்கி 1930களில் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே நிற்பது வேறு பாலம். அசல் போய்விட்டது, நகல் நம் ஊரில் பஸ்ஸையும் லாரியையும் சுமந்துகொண்டு, 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது. லண்டனுக்குப் போய் வாட்டர்லூ பாலத்தில் படம் எடுத்துக்கொள்ளும் நெல்லைக்காரர், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் மூத்த சாயலை ஆயிரம் தடவை தாண்டியிருப்பார். அந்தப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கத் தோதான ஒரு இடமோ, பாலம் முடிகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தபடி அதைப் பார்க்கிற ஏற்பாடோ இருந்தால், அல்வா வாங்க வந்தவர் இன்னொரு மணி நேரம் இருந்திருப்பார். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் ஐரோப்பியத் தலைநகரங்கள் காசாக்குகின்றன. நாம் அதைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஏன் இப்படி ஆனது? நெல்லைச் சாப்பாடு இல்லாமல் இல்லை. மூன்று தடவை பிழிந்த தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வேகும் சொதி, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறு, வறுத்து இடித்த பொடியில் கொதிக்கும் இடிசாம்பார் எல்லாம் இந்த ஆற்றங்கரையின் சமையல். ஆனால் நெல்லையில் இரண்டு நாள் தங்குகிற வெளியூர்க்காரருக்கு இவற்றில் ஒன்றாவது தட்டில் வருமா என்பது சந்தேகம். சொதி கல்யாண மறுவீட்டுப் பந்தியில் இருக்கிறது. ஒரு சைவப் பிள்ளைமார் வீட்டில் நமக்குச் சிநேகிதம் இருந்தால் கிடைக்கும். நெல்லையின் நல்ல சாப்பாடு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அதற்கு என் கணிப்பில் ஒரு பழைய காரணம் உண்டு. இந்த மாவட்டத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது வெறும் பழக்கமாக இருந்ததில்லை, அரசியலாக இருந்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மகாதேவி குருகுலம், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரத்தில்தான் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளம்பியதில் தமிழக அரசியலே திசைமாறியது. குருகுலத்தை மட்டும் சொல்வானேன்? தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கம் நின்று பூசை பார்க்கக் கால்சட்டை வடிவத்தில் இரண்டாகப் பிரியும் தேவாலயத்தையே கட்டினார்கள். நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே கடவுள் முன்னால் சேர்ந்து நிற்காதவர்கள் ஒரே மேசையில் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்களா? டெஸ்டாச்சியோ கூலிக்காரர் தன் சாப்பாட்டை மதுக்கடைக்கு எடுத்துப்போனார், ஊர் அதில் உட்கார்ந்து சாப்பிட்டது. இங்கே ஒவ்வொரு சாதியும் தன் ருசியைத் தன் அடுக்களையிலேயே பூட்டிவைத்துக்கொண்டது. அல்வா மட்டும் தப்பித்தது எதனால் என்று யோசித்தால், நெய்யில் கிண்டியது, உள்ளூர்ச் சாதிக்கணக்கில் சேராத வெளிக்குடும்பம் விற்பது, முக்கியமாக யாரோடும் உட்காராமல் வாங்கிக்கொண்டு போகலாம். பார்சல் என்பது நெல்லையில் வெறும் வசதி இல்லை, பந்தியைத் தவிர்க்கிற வழியாகவும் இருந்திருக்கிறது. இன்று எல்லாச் சாதிக்காரரும் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்; ஆனால் அந்த ஓட்டலில் இருப்பது எல்லா ஊர் ஓட்டலிலும் இருக்கிற தோசையும் பிரியாணியும். மேசை பொதுவாகிவிட்டது. அடுக்களை இன்னும் பொதுவாகவில்லை.

கூடங்குளத்துக்கு வந்தால் மேசையே கிடையாது. கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூர் போகும் கடற்கரைச் சாலை இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. விவேகானந்தர் பாறையில் காலை முடித்து, முருகனிடம் மாலைக்குள் போய்ச் சேரும் வேன்கள் எத்தனையோ இந்த வழியாகப் பறக்கின்றன. காற்றாலைகள் சுற்றுவதையும், தூரத்தில் அணு உலையின் கவிகைகளையும் ஜன்னல் வழியாகக் காட்டி 'அதோ கூடங்குளம்' என்பார் டிரைவர். அதோடு சரி. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டு, 2002இல் கட்டுமானம் தொடங்கி, 2013இல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த நாள்வரை நடந்ததெல்லாம் இந்த ஊரின் பெயரை ஒரு செய்தியாகவே ஆக்கிவிட்டன. இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பந்தலில் 2011இலிருந்து நடந்த போராட்டம் அந்தச் செய்தியின் மறுபாதி. செய்தி பெரிதாகப் பெரிதாக ஊர் சிறுத்துப்போனது. ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நான்கு எழும்புகின்றன. மாஸ்கோ என்கிற ஐரோப்பியத் தலைநகரத்தின் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வந்த ரஷ்ய நிபுணர்கள் செட்டிகுளத்து அணுவிஜய் நகரியத்தில் குடியிருந்து வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரு ஊருக்கு உலகம் வந்து சேர இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நகரியத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் உண்டு, கேட் உண்டு, உள்ளே கடை உண்டு. ஊர் வெளியே நின்றது. சுற்றுலாவுக்கு வந்தவர்கள் இல்லைதான். என்றாலும் இத்தனை வருஷம் அயல்நாட்டார் வந்துபோன ஒரு வட்டாரத்தில் இந்த ஊர்ச் சாப்பாடு இதுதான் என்று காட்ட ஒரு பலகை எழவில்லை. இதில் ஒரு சின்னக் கூத்தும் உண்டு. ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பிடித்த கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமும் இதே மாவட்டம்தான். பெயர் குழம்பிப்போய், கூடங்குளத்தில் நாரை எங்கே என்று கேட்கிறவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்காவது ஒரு டீக்கடை வழிகாட்டினால் தேவலை.

ஊர்ச் சாப்பாடு என்று பலகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மேலே பார்க்க வேண்டும். பனை இருக்கிறது. ராதாபுரம், திசையன்விளை, உவரி, அப்புறம் செம்மண் தேரிகள் வரைக்கும் இந்தக் காய்ந்த பூமி சோறு போட்டது பனையால்தான். பனையேறி விடியற்காலையில் இறக்குகிற பதனீரை, குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப்போட்டுக் குடிக்கும்போது முதலில் வருவது ஓலை வாசம், அப்புறம் சுண்ணாம்பின் மெல்லிய கரகரப்பு, அதற்கப்புறம்தான் இனிப்பு. அதே ஓலை கார்த்திகைக்குக் கொழுக்கட்டையாகும். அரிசி மாவு, கருப்பட்டி, வறுத்த சிறுபயறு, தேங்காய்த்துருவல், கொஞ்சம் சுக்கு, ஏலம் எல்லாம் பிசைந்து, இரண்டு குருத்தோலைக்கு நடுவே நீளமாக அடைத்து, ஓலை நாரால் கட்டி, பானையில் அடுக்கி அவிக்கிறார்கள். பிரித்தால் கொழுக்கட்டையின் முதுகில் ஓலையின் நரம்புகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். ஏடு எழுதிய அதே ஓலை. பண்டிகை முடிந்தால் அடுத்த வருஷம்தான். இதை ஒரு பயணி விலை கொடுத்து வாங்கும் இடம் கடற்கரைச் சாலையில் எங்கே இருக்கிறது? கரையில் அன்றன்றைக்கு இறங்கும் சாளையும் நெத்திலியும் சீலாவும் மொத்த ஏலத்தில் லாரி ஏறுகின்றன. இடிந்தகரைக்காரர் வீட்டு மீன்குழம்பு இடிந்தகரையோடு நின்றுவிடுகிறது.

ரோமைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்றும் இல்லை. பழைய நெல்லை மாவட்டத்திலேயே, 2019இல் தென்காசி மாவட்டமாகப் பிரிந்துபோன பக்கத்தில், பார்ப்பதும் சாப்பிடுவதும் தானாக ஒட்டிக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது. குற்றாலத்தில் அருவியில் நின்றால் பசிக்கும், அகோரமாகப் பசிக்கும். அந்தப் பசிக்குச் செங்கோட்டைக்கு இப்பால் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் காத்திருந்தன. அருவிக்காக வந்தவர் பார்டர் கடைக்குப் போனார். இன்று பார்டர் கடைக்காகவே வந்து, வந்த வழியில் அருவியில் தலை நனைக்கிறவரும் உண்டு. எந்தச் சுற்றுலாத் துறையும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. எல்லையில் லாரிக்காரர்களுக்குச் சமைத்த சாப்பாடு, டெஸ்டாச்சியோ வால்குழம்பு மாதிரியே, கூலிக்காரன் தட்டிலிருந்து ஊர்ப்பெயராக வளர்ந்தது. நான்குவழிச் சாலைகளில் இப்போது அடிக்கடி தென்படும் கருப்பட்டிக் காபி போர்டுகளும் அப்படித்தான். பனங்கருப்பட்டியை வறுமையின் அடையாளமாக நினைத்துச் சீனிக்கு மாறிய அதே சனம், இன்று காரை நிறுத்தி அதைக் கேட்டு வாங்குகிறது. கருப்பட்டியின் நிலத்தில் மட்டும் அந்த போர்டு அரிதாக இருப்பதுதான் வேதனை.

சுற்றுலாவைக் கூப்பிட்டால் ஊர் கெட்டுவிடும் என்பது அடுத்த மறுப்பு. அதிலும் உண்மை இருக்கிறது. ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுகளில் உட்கார்ந்தாலே அபராதம் என்று 2019இல் விதியைக் கெடுபிடியாக்க வேண்டி வந்தது, அவ்வளவு கூட்டம். அதே படிக்கட்டுக்குப் பக்கத்தில் 1986இல் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்துதான் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் பிறந்தது. கூட்டம் ஒரு ஊரின் சாப்பாட்டைப் பாழாக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சாப்பாட்டை ஒளித்துவைத்துக் காப்பாற்றவில்லை, தட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். நெல்லையில் ஒளிந்திருக்கும் சொதியும் ஓலைக்கொழுக்கட்டையும் கூட்டத்தால் கெட வழியே இல்லை. செய்யத் தெரிந்த கடைசிப் பாட்டியோடு போய்விடும் அபாயம்தான் அதற்கு. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. குடிதண்ணீருக்கு அலைகிற, கடல் என்னாகுமோ என்று பயந்து வருஷக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்த ஒரு ஊரில் போய், சாப்பாட்டுக்கடை, சுற்றுலா என்று பேசுவது கூச்சமாக இல்லையா? கூச்சம்தான். ஆனால் அந்த மக்கள் எதற்காகப் பயந்தார்களோ அந்தக் கடலும் மீனும் பனையும்தான் இங்கே பேசப்படுகின்றன. ஒரு ஊரை ஆபத்தின் பெயராக மட்டுமே நாடு நினைவில் வைத்திருப்பது அந்த ஊருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அந்தக் கரையின் மீனை உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு, அந்தக் கரையைப் பற்றிய அடுத்த செய்தி பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்துத் துணுக்காகத் தெரியாது.

செய்யவேண்டியதற்குப் பெரிய திட்டம் தேவைப்படாது. பெரிய திட்டம் என்றால் பெரிய வளைவும் கிரானைட் தரையும்தான் வரும். ரோமில் 1874இலிருந்து தெருவுக்குத் தெரு நிற்கிற 'மூக்கன்' குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன. வார்ப்பிரும்புத் தூண், மூக்குப்போல வளைந்த குழாய், இரவும் பகலும் ஓடும் தண்ணீர். மூக்கு நுனியை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வாய்க்கு நேரே பீறிடும். குனிய வேண்டாம், டம்ளர் வேண்டாம். ஒரு நகரம் நடக்கிறவரை நினைத்துப் பார்த்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ரதவீதியில் வெயில் என்கிறார்கள். ஆகஸ்ட் மாத ரோமும் கொளுத்தும் ஊர்தான். நிழலும் தண்ணீரும் உட்காரத் திண்ணையும் இருந்தால் சாயங்காலத்தில் நெல்லை டவுனைவிட நடக்கச் சுகமான ஊர் குறைவு. தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வா ருசிக்கிறது என்றால், அந்தத் தண்ணீரை ரதவீதியில் ஒரு குழாயில் தைரியமாகக் கொடுக்க மாநகராட்சியால் முடிகிறதா என்பதே முதல் பரீட்சை. சாக்கடை கலக்கிற படித்துறைகளைப் பார்த்தவர்கள் பதிலை யோசித்துச் சொல்வார்கள். கூடங்குளம் பக்கத்தில், மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கொட்டகையும் பத்துப் பெஞ்சும் போதும். கேஸ் அடுப்பில் ஃபிரைடு ரைஸ் போடாமல், பருவத்துக்குப் பதனீரும் நுங்கும், பனங்கிழங்கும், மதியத்துக்குச் சோறும் சாளைக்குழம்பும் போட அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. யார் சமைத்தாலும் யாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற பெஞ்சாக அது இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே எழுதி ஒட்டிவிடலாம். இந்த மாவட்டத்தில் அது தேவைப்படும்.

தேவசகாயம் புனிதரான பிறகு பயணம் ஒருவழியாக மட்டும் இருக்காது. அவர் சுடப்பட்ட காற்றாடிமலைக்கும், ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்துக்கும் ஐரோப்பாவிலிருந்தும் யாத்ரீகர்கள் வரப்போகிறார்கள். ரோமிலிருந்தே ஒருவர் வருவார் என்று வைத்துக்கொள்வோம். கால்சட்டைக் கோயிலைப் பார்ப்பார், சுவர் இருந்த இடத்தைக் காட்டச் சொல்வார். மதியம் பசிக்கும். இந்த ஊரில் என்ன சாப்பிடுவார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்பார். சுற்றிலும் பனங்காடு நிற்கும், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கடல் இருக்கும், ஏதாவது ஒரு வீட்டில் ஓலைக்கொழுக்கட்டையோ மீன்குழம்போ இருக்கும். வழிகாட்டி ஏசியைப் போட்டு, வண்டியைக் கன்னியாகுமரிக்கு விடச் சொல்வார். அங்கே ஸ்டார் ஓட்டலில் விருந்தாளிக்கென்று வெள்ளை சாஸில் பாஸ்தா தயாராக இருக்கிறது.